அயல்நாட்டு அலுவலகத்தின் எழுதப்படாத விதிகள்: புதிதாகச் செல்பவருக்கு ஓர் அறிமுகம்

வேறு நாட்டில் வேலை கிடைத்துச் செல்பவர்கள் பல விஷயங்களுக்கு முன்கூட்டியே தயாராகிறார்கள். விசா, வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி என்று பட்டியல் நீளும். வேலையைப் பற்றி மட்டும் யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அந்த வேலை தெரியும் என்பதால்தானே அழைத்திருக்கிறார்கள்! ஆனால் சில மாதங்கள் கழித்துப் பேசிப் பாருங்கள். வீடும் தட்பவெப்பமும் பழகிவிட்டிருக்கும், அலுவலகம்தான் இன்னும் பழகியிருக்காது. "வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் என்னைப் பற்றி இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது பிடிபடவில்லை" என்பார்கள். அந்தப் பிடிபடாத பகுதியைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

எந்த அலுவலகத்திலும் இரண்டு வகை விதிகள் உண்டு. ஒரு வகை, பணி ஒப்பந்தத்திலும் நிறுவனக் கையேட்டிலும் அச்சாகி இருக்கும். மற்றது எங்கும் எழுதப்பட்டிருக்காது. கூட்டத்தில் எப்போது வாய் திறக்கலாம்? ஒரு சிக்கலோடு எவ்வளவு நேரம் தனியாக மல்லுக்கட்டிய பிறகு உதவி கேட்கலாம்? மேலாளர் சொன்னது தவறென்றால் அங்கேயே சொல்லலாமா, தனியாகச் சொல்ல வேண்டுமா? மாலை ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் கெட்டிக்காரர் என்பார்களா, பொறுப்பில்லாதவர் என்பார்களா? அந்த நாட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு இவற்றின் விடை தெரியும். ஆனால் தங்களுக்குத் தெரியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் யாரும் வந்து சொல்லித் தருவதில்லை.

நம்மைத் தடுமாற வைப்பது இதுதான்: நாம் செய்வது மாறவில்லை, அதற்குப் பொருள் கொள்ளும் கண் மாறிவிட்டது. மூத்தவர் பேசும்போது அமைதியாக இருப்பதை ஓர் அலுவலகத்தில் மரியாதை என்பார்கள். இன்னோர் அலுவலகத்தில் 'இவருக்குக் கருத்து எதுவும் இல்லை போலிருக்கிறது' என்று குறித்துக்கொள்வார்கள். இரவு வரை இருந்து வேலையை முடிப்பது ஓரிடத்தில் அர்ப்பணிப்பு, வேறோரிடத்தில் வேலையைத் திட்டமிடத் தெரியாததன் அடையாளம். சந்தேகம் கேட்காமல் தானாகவே முட்டிமோதிக் கண்டுபிடிப்பது ஓரிடத்தில் பொறுப்புணர்ச்சி, வேறோரிடத்தில் சிக்கலை மறைக்கும் குணம். நம் செயல்களை இங்கே எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டறிவதே முதல் ஆண்டின் பெரிய வேலை. திறமையைக் கூட்டிக்கொள்வது அதற்கு அடுத்தபடிதான்.

தடுமாற்றம் எப்போது வருகிறது

அயல்நாட்டில் வாழத் தொடங்குபவருக்கு வரும் இந்தத் தடுமாற்றத்தைக் குறிக்கும் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற கருத்தைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் வெளிநாட்டவர்களிடையே ஆற்றிய உரையில் அதைப் பற்றிப் பேசினார். கட்டுரையாக அது 1960இல் வெளிவந்தது. பெரிய வேற்றுமைகளைவிட, அன்றாடம் நம்மை வழிநடத்தும் சின்னச் சின்னக் குறிப்புகளை இழப்பதுதான் மனிதரை அதிகம் பதற்றப்படுத்துகிறது என்பது அவர் கண்டது. எப்போது கை குலுக்க வேண்டும், யார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், எதைச் சிரித்து விட்டுவிட வேண்டும் என்பன போன்றவை அந்தக் குறிப்புகள். சொந்த நாட்டில் யோசிக்காமலே செய்த நூறு காரியங்களை இப்போது ஒவ்வொன்றாக யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. பெரிய வேலை எதுவும் செய்யாத நாளிலும் மாலையில் உடம்பு அடித்துப் போட்டது போல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஓபெர்க் உரையாற்றியதற்கு அடுத்த ஆண்டு, 1955இல், ஸ்வெர்ரெ லிஸ்கார்ட் என்ற நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய நார்வேக்காரர்கள் இருநூறு பேரிடம் அவர் பேசியிருந்தார். ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள் நன்றாகவே பொருந்தியிருந்தார்கள். பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் தடுமாறியிருந்தார்கள். வரைந்து பார்த்தால் நடுவில் பள்ளம் விழும் இந்தக் கோட்டை எல்லா ஆய்வுகளும் உறுதிப்படுத்தவில்லை. சிலருக்குப் பள்ளம் முதல் வாரத்திலேயே வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. ஆகவே இதை நாட்காட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எட்டாவது மாதத்தில் "வந்த புதிதில் இருந்ததைவிட மோசமாகிவிட்டேனே" என்று தோன்றும்போது, இப்படி உணர்ந்தவர்கள் உங்களுக்கு முன்பும் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது பெரிய ஆறுதல்.

அந்தப் பள்ளத்துக்கு அலுவலகத்தில் ஒரு தெளிவான காரணம் இருக்கிறது என்பது என் கருத்து. முதல் சில மாதங்களில் 'புதியவர்' என்ற சலுகை கிடைக்கிறது. தவறாகப் பேசினாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். நமக்கும் எதைத் தவறவிட்டோம் என்று தெரிவதில்லை. பிறகு சலுகை முடிந்து எதிர்பார்ப்பு தொடங்குகிறது. அதே சமயத்தில் நமக்கும் ஓரளவு புரியத் தொடங்கி, எத்தனை புரியாமல் இருந்திருக்கிறது என்பது உறைக்கிறது. அதாவது, பள்ளத்தில் இருப்பதாக உணர்வதேகூடப் பல நேரங்களில் கற்றுக்கொண்டதன் விளைவு.

இந்தக் காலத்தில் சொந்த மொழிக்காரர்களோடு மட்டுமே பேசத் தோன்றும். "அங்கே போய் நம்மவர்களோடு சேராதே, அப்போதுதான் முன்னேறுவாய்" என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. நாள் முழுவதும் குறிப்பறிந்து நடந்து களைத்தவருக்கு, விளக்கம் தேவைப்படாத பேச்சு ஓய்வு தருகிறது. ஓய்வு எடுத்தவரால்தான் மறுநாள் மீண்டும் கவனிக்க முடியும்.

சொல்லில் இருப்பதும் சொல்லைச் சுற்றி இருப்பதும்

அலுவலகப் பண்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கருத்தைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் டி. ஹால் 1976இல் முன்வைத்ததைக் கற்றுக்கொள்ளுங்கள். சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சொற்களிலேயே இருக்கிறது. சொன்னதுதான் பொருள், சொல்லாதது கணக்கில் வராது. வேறு சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சொல்லைச் சுற்றி இருக்கிறது: யார் சொன்னார், எப்போது சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், எவ்வளவு நேரம் தயங்கினார் என்பதில். முதல் வகைக்கு ஜெர்மனியையும் அமெரிக்காவையும், இரண்டாம் வகைக்கு ஜப்பானையும் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. சிக்கல் எழுவது ஒரு வகையில் சொன்னதை மற்ற வகையில் கேட்கும்போதுதான்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு துயரமான பதிவு இருக்கிறது. 1990 ஜனவரி 25 இரவு, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற ஏவியான்கா 52 விமானம், மோசமான வானிலையாலும் நெரிசலாலும் மொத்தம் 1 மணி 17 நிமிடம் வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. தரையிறங்க முன்னுரிமை வேண்டும் என்று விமானக் குழு கேட்டது. தரையிறங்கும் முதல் முயற்சி கைகூடாமல் மீண்டும் மேலே ஏறியபோது, கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு, அதன் வாலாக, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று துணை விமானி மரியாதையோடு சொன்னார். 'அவசர நிலை' என்று மட்டும் கடைசி வரை அறிவிக்கவில்லை. அப்படி அறிவித்திருந்தால் மற்ற எல்லா விமானங்களையும் ஒதுக்கி இதற்கு வழிவிட்டிருப்பார்கள். விமானம் லாங் ஐலேண்டில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் நிலைமையின் அவசரத்தை விமானக் குழு தெரிவிக்கத் தவறியதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முக்கியக் காரணமாகச் சொன்னது. எரிபொருள் குறைவைக் குறிக்க எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் சொற்கள் இல்லாததையும், போக்குவரத்து நெரிசலைச் சரியாகக் கையாளாததையும் அதே அறிக்கை குறை சொன்னது. சொன்னவர்கள் சொல்லிவிட்டோம் என்று நினைத்தார்கள். கேட்டவர்கள் காதில் அது வழக்கமான ஒரு தகவலாக விழுந்தது.

அலுவலகத்தில் உயிர் போவதில்லை. ஆனால் இதே வகைப் பேச்சு தினமும் நடக்கிறது. ஒரு வேலை வெள்ளிக்கிழமை முடிய வேண்டும், முடியாது என்று புதன்கிழமையே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பணிவாகப் பேசிப் பழகியவர் இப்படி எழுதுவார்: "சில சிக்கல்கள் இருக்கின்றன. என்னால் இயன்றவரை முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்." இதற்குள் 'முடியாது, காப்பாற்றுங்கள்' என்ற குரல் இருப்பது, அப்படிப் பேசிப் பழகிய மேலாளருக்குக் கேட்கும். நேரடிப் பேச்சுக்குப் பழகிய மேலாளருக்கு அதில் தெரிவது ஒன்றுதான்: வேலை நடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அவருக்குக் கோபம் வரும். தாமதத்தைக்கூட மன்னித்துவிடுவார், முன்பே சொல்லவில்லை என்பதைத்தான் மன்னிக்க மாட்டார்.

அவர் எதிர்பார்ப்பது இப்படி இருக்கும்: "வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. வாடிக்கையாளரிடமிருந்து தரவு இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வரை அவகாசம் கொடுத்தால் முழுதாகத் தருகிறேன். அல்லது இரண்டாம் பகுதியை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமையே அனுப்பலாம். எது வேண்டும் என்று இன்று மாலைக்குள் சொல்லுங்கள்." எழுதும்போது கை கூசும். மேலாளருக்கே கெடு விதிப்பது போலத் தோன்றும். படிப்பவருக்கோ இது பெரிய உதவி, ஏனென்றால் அவர் முடிவெடுக்க வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. கெட்ட செய்தி முதல் வரியிலேயே வர வேண்டும் என்பதை மட்டும் பழகிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

'சரி' என்பதிலும் கவனம் தேவை. 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்ற பொருளில் தலையாட்டிப் பழகியவர்கள் பலர். நேரடிப் பேச்சுள்ள அலுவலகத்தில் ஒரு தேதிக்குச் 'சரி' சொன்னால் அது வாக்குறுதி.

எதிர்த் திசையில் செல்பவர்களுக்கும் இதே அளவு வேலை இருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்களில் ஒரு முடிவு கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே, சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி ஒப்புதல் பெற்றுவிடுவது வழக்கம். அதற்கு 'நெமவாஷி' என்று பெயர். அங்கே கூட்டம் என்பது முடிவை அறிவிக்கும் இடம். அந்த இடத்தில் புதிய ஆட்சேபம் எழுப்புபவர் துணிச்சல்காரராகத் தெரிய மாட்டார், முன்பே பேசத் தவறியவராகவே தெரிவார். அதேபோல, வேலையின் நிலையை அவ்வப்போது மேலே தெரிவிப்பதும், தொடர்புள்ளவர்களுக்குத் தகவல் சொல்வதும், முடிவெடுக்கும் முன் கலந்து பேசுவதும் அங்கே 'ஹோ-ரென்-சோ' என்ற பெயரில் புதிய ஊழியருக்கு முதலில் கற்றுத்தரப்படும் பழக்கங்கள். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு வாரம் வாய்மூடி இருந்தால், அங்கே கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள்.

குறை சொல்லும் விதம் தனிக் கதை. மற்ற எல்லாவற்றிலும் வெளிப்படையாகப் பேசும் அமெரிக்க அலுவலகங்களில், குறையை மட்டும் பாராட்டுகளுக்கு நடுவே வைத்துச் சொல்வது பரவலான பழக்கம். புதியவருக்குப் பாராட்டுகள் கேட்கும், நடுவில் வந்த அந்த ஒரு வாக்கியம் நழுவிவிடும். நெதர்லாந்திலோ ஜெர்மனியிலோ குறை மட்டும் தனியாக, நேராக வரும். நல்லதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது, நன்றாக இருந்ததால்தான் அதைப் பற்றிப் பேசவில்லை. புதியவர் வேலை போய்விடும் என்று இரவெல்லாம் தூங்காமல் கிடப்பார். இரண்டு இடங்களிலும் உதவும் கேள்வி ஒன்று உண்டு: "நான் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது எது?" கேட்டுவிட்டு, பதிலை நீங்கள் புரிந்துகொண்டபடி நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

மேலாளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?

நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹாஃப்ஸ்டெட், 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் பல நாடுகளில் நிரப்பி வாங்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் அதிகமான கேள்வித்தாள்களை ஆராய்ந்தார். 1980இல் வெளியிட்ட முடிவுகளில் 'அதிகார இடைவெளி' என்ற அளவீடு ஒன்று இருந்தது. அதிகாரம் சமமாகப் பங்கிடப்படாததைக் கீழே இருப்பவர்கள் எந்த அளவுக்கு இயல்பென்று ஏற்கிறார்கள் என்பதே அந்த அளவீடு. அதில் ஆஸ்திரியாவுக்கு 11, டென்மார்க்குக்கு 18, அமெரிக்காவுக்கு 40, இந்தியாவுக்கு 77, பின்னர் சேர்க்கப்பட்ட மலேசியாவுக்கு 104.

இந்த எண்களை வைத்து மனிதர்களை எடை போடாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடமிருந்து, அரை நூற்றாண்டுக்கு முன் எடுக்கப்பட்ட சராசரிகள் இவை. உங்கள் மேலாளர் சராசரி அல்லர். டென்மார்க்கிலும் சர்வாதிகாரி போல நடந்துகொள்ளும் மேலாளர் இருக்கக்கூடும், அதிகார இடைவெளி மிகுந்த நாட்டிலும் கதவைத் திறந்தே வைத்திருப்பவர் இருப்பார். அந்த அளவீடு தரும் கேள்வி மட்டும் பயனுள்ளது: இந்த அலுவலகத்தில் மேலே இருப்பவரோடு கருத்து வேறுபட்டால் என்ன நடக்கிறது?

அதற்கான பதிலை யாரும் சொல்ல மாட்டார்கள், பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கச் சிறந்த இடம் கூட்டம். எட்டுப் பேர் அமர்ந்திருக்கிறார்கள். மேலாளர் ஒரு திட்டத்தைத் திரையில் காட்டி, "என்ன நினைக்கிறீர்கள்?" என்கிறார். மூன்றாம் பக்கத்தில் ஒரு கணக்குப் பிழை உங்கள் கண்ணில் படுகிறது. விடுமுறை நாட்களைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அனுபவசாலி, இதை யோசிக்காமலா இருந்திருப்பார் என்று ஒரு மனம் சொல்கிறது. எல்லோர் முன்பும் சொல்லி அவரைச் சங்கடப்படுத்துவானேன், பிறகு தனியாகச் சொல்லலாம் என்று இன்னொரு மனம். இதற்குள், உங்களுக்குப் பிறகு சேர்ந்த ஒருவர் சாதாரணமாக அதைச் சொல்லிவிடுகிறார். மேலாளர் நன்றி சொல்லித் திருத்துகிறார். கூட்டக் குறிப்பில் அவர் பெயர் ஏறுகிறது. நீங்கள் மதியம் போய், "நானும் கவனித்தேன்" என்றால், "அங்கேயே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விதான் வரும்.

அந்த ஒரு மணி நேரத்தில் அலுவலகத்தின் எழுதப்படாத விதி ஒன்று உங்கள் கண்முன்னே நடந்து காட்டப்பட்டிருக்கிறது. பிழையைச் சொன்னவருக்கு என்ன ஆனது என்று பாருங்கள். மேலாளரின் முகம் மாறியதா? அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்தார்களா? எதுவும் ஆகவில்லை என்றால், இங்கே எல்லோர் முன்பும் பேசலாம் என்று பொருள். அறை உறைந்துபோனது என்றால், உங்கள் பழைய தயக்கமே இங்கு சரியான வழி.

பேசலாம் என்று தெரிந்த பிறகும் வாய் வராது. அதற்குக் கேள்வி வடிவம் கைகொடுக்கும். "மூன்றாம் பக்கத்துக் கணக்கில் விடுமுறை நாட்கள் சேர்ந்திருக்கின்றனவா?" என்று கேட்டால் யாருடைய முகமும் வாடாது, விஷயமும் மேசைக்கு வந்துவிடும். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வந்தால் ஒரே ஒரு குறிப்பைத் தயார் செய்துகொண்டு, முதல் பத்து நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள். நேரம் போகப் போகத் தயக்கம்தான் கூடும். இன்னொன்றும் உண்டு. சில சமூகங்களில் ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் தொடங்குவது ஆர்வத்தின் அடையாளம். அங்கே இடைவெளிக்காகக் காத்திருந்தால் இடைவெளி வரவே வராது. பின்லாந்து போன்ற இடங்களில் பேச்சுக்கு நடுவில் விழும் மௌனம் யோசிப்பதற்கானது. அதை அவசரமாக நிரப்புபவரைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

பெயர் சொல்லி அழைப்பதும் பலருக்குப் பெரிய மலையாக நிற்கிறது. ஸ்வீடனிலேயே பதவிப் பெயரோடும் பட்டத்தோடும் பேசும் வழக்கம் முன்பு இருந்தது. 1967இல் அந்நாட்டின் மருத்துவ வாரியத் தலைவராகப் பொறுப்பேற்ற புரோர் ரெக்செட், ஊழியர்கள் அனைவரிடமும் ஒருமையில் பேசப்போவதாக அறிவித்தார். நாடெங்கும் அப்போது வேகமெடுத்துக்கொண்டிருந்த மாற்றத்தின் சின்னமாக அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆக, இன்று அங்கே இயல்பாகத் தெரிவதும் ஒரு தலைமுறை பழகிக்கொண்டதுதான். உங்களுக்கும் சில வாரங்கள் ஆகலாம். மின்னஞ்சலில் தொடங்கினால் வாய்ப்பேச்சு பின்னால் தானாக வரும்.

பெயர் சொல்லி அழைக்கும் அலுவலகத்தில் படிநிலையே இல்லை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஊதிய உயர்வை முடிவு செய்பவர் நீங்கள் பெயர் சொல்லி அழைக்கும் அந்த மேலாளரேதான். படிநிலை கண்ணுக்குத் தெரியும் அலுவலகத்தில் யாரிடம் போக வேண்டும் என்று அறைக் கதவுப் பலகையே சொல்லிவிடும். சமமாகத் தோன்றும் அலுவலகத்தில் யாருடைய சொல் எடுபடுகிறது என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதியவருக்கு இரண்டாவதுதான் கடினம்.

பழக்கத்துக்குப் பின்னால் நிற்கும் சட்டம்

நேரம், விடுப்பு, நோய் ஆகியவற்றில் பண்பாடு போலத் தெரிவதில் பாதி உண்மையில் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வார வேலை நேரம் சராசரியாக 48 மணிக்கு மிகக் கூடாது என்பதும், இரு வேலை நாட்களுக்கு இடையே 11 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்பதும், ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரச் சம்பள விடுப்பு உண்டு என்பதும் பொது விதிகள். அமெரிக்காவில் சம்பளத்தோடு கூடிய விடுமுறையைத் தனியார் நிறுவனங்கள் தர வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டமே இல்லை, பெரும்பாலும் அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எனவே ஜெர்மனியில் சக ஊழியர் மூன்று வாரம் தொடர்ந்து விடுப்பில் செல்வதைப் பார்த்து வியக்க வேண்டாம், உங்கள் விடுப்பைச் சேமித்து விசுவாசத்தைக் காட்டவும் வேண்டாம். காலாவதியாகவிருக்கும் விடுப்பைப் பற்றி ஊழியருக்கு நிறுவனமே தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வேலை நேரத்துக்குப் பின் வரும் செய்திகளுக்குப் பதில் தராமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும் சட்டத்தில் சேர்த்தன. பிரிட்டனில் ஏழு நாள் வரையிலான நோய் விடுப்புக்கு மருத்துவச் சான்று தேவையில்லை, நீங்கள் சொன்னாலே போதும். நெதர்லாந்தில் உங்களுக்கு என்ன நோய் என்று நிறுவனம் கேட்கவே கூடாது. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து, மருந்துச் சீட்டையும் எடுத்துக் காட்டுபவரை அங்கே யாரும் மெச்ச மாட்டார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்பது பல இடங்களில் வெறும் வணக்கம், உடல்நல விவரம் தேவையில்லை. சம்பளம், வயது, திருமணம், மதம் பற்றி அவர்களாகப் பேசாதவரை கேட்காமல் இருப்பது நல்லது. அலுவலக மாலை விருந்துகளில் மது அருந்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அரை மணி நேரம் இருந்து நான்கு பேரிடம் பேசிவிட்டு வந்தாலே போதும். ஆனால் எப்போதுமே போகாமல் இருந்துவிடாதீர்கள். யாரிடம் எதைக் கேட்கலாம் என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.

எல்லாமே பண்பாடு அல்ல

"தைரியமாகப் பேசுங்கள்" என்று புதியவர்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பலரின் மௌனத்துக்குக் காரணம் வளர்ப்பு அல்ல, விசா. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் வேலையை இழந்தால், வேறு வேலை தேடவோ விசா நிலையை மாற்றிக்கொள்ளவோ அதிகபட்சம் 60 நாள்தான் பொதுவாகக் கிடைக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, வீட்டு ஒப்பந்தமும் போட்டவர் மேலாளரோடு வாதாடும் முன் பத்து முறை யோசிப்பது இயல்பு. அதைக் கூச்ச சுபாவம் என்று எழுதிவைப்பது அநியாயம். குழுவை நடத்துபவர்கள் இதை உணர்ந்து, நிகழ்ச்சி நிரலை முன்பே அனுப்பவும், பேசாதவரிடம் எழுத்தில் கருத்துக் கேட்கவும் வேண்டும். பொருந்திப்போகும் சுமை முழுவதையும் வந்தவர் தலையிலேயே ஏற்றக் கூடாது. வந்தவர் செய்யக்கூடியது, தன் விசா விதிகளைப் பிறர் சொல்லக் கேட்காமல் எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்வது. அச்சத்தில் பாதி அரைகுறைத் தகவலால் வருகிறது.

அதைவிட முக்கியமானது, "இங்கே இப்படித்தான்" என்று சொல்லி மறைக்கப்படும் அநீதிகளை இனம்காண்பது. நேரடியாகக் குறை சொல்வது பண்பாடு. நிறத்தையோ உச்சரிப்பையோ கேலி செய்வது பண்பாடு அல்ல. நீண்ட நேரம் வேலை பார்ப்பது ஒரு நாட்டின் வழக்கமாக இருக்கலாம், சட்டப்படி தர வேண்டிய மிகைநேர ஊதியத்தைத் தராமல் இருப்பது வழக்கம் ஆகாது. கடவுச்சீட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்வதையும் ஊதியத்தைப் பிடித்து வைப்பதையும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டாய உழைப்பை அடையாளம் காட்டும் 11 அறிகுறிகளில் சேர்த்திருக்கிறது. இவற்றைப் பொறுத்துப்போகக் கற்றுக்கொள்வதற்குப் பழகிக்கொள்ளுதல் என்று பெயரில்லை.

பணி ஒப்பந்தம், ஊதியச் சீட்டு, வேலை பார்த்த நேரக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை அலுவலகக் கணினிக்கு வெளியே உங்களிடம் வைத்திருங்கள். இலவசமாக ஆலோசனை கேட்க பிரிட்டனில் ஏகாஸ் அமைப்பும், ஆஸ்திரேலியாவில் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகமும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஊதியம் பற்றிய புகார்களைத் தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவு பெற்றுக்கொள்கிறது. உங்கள் விசா நிலை எதுவாக இருந்தாலும் அங்கே புகார் அளிக்கலாம்.